பறவையின் அலகும் டாக்டர் ஜெர்டனும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில், தொழிற்சாலை மதில்களை ஒட்டிய மின்கம்பிகளின்மேல் பனிக்காலக் காலைகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் தகைவிலான் குருவிகளை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். பனைகள் எஞ்சியுள்ள ஏரிக்கரைகளின் மேலே, வில்லென வளைந்த சிறகுகளோடு பனை உழவாரன்கள் சுழன்று பறப்பதையும் கண்டிருப்பர். இரண்டும் குறுகிய அலகும் அகன்ற வாயும் உடையன; பறந்தவாறே பூச்சிகளைப் பிடித்துண்பன. இவை ஒரே குடும்பத்தனவா, வேற்றினத்தனவா? அலகைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவிற்கு விடை கூறியவர்களுள் ஒருவர், சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணிபுரிந்த தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் ஆவார்.

ஜெர்டன் 1811ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டர்ஹாம் பகுதியில் பிறந்தார். எடின்பரோவில் கல்வி பயின்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராக 1836இல் சென்னை வந்திறங்கினார். கஞ்சம் பகுதியில் காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் வாடிய படைவீரர்களுக்குச் சிகிச்சை அளிப்பதே அவருடைய முதற்பணி. பின்னர்த் திருச்சிராப்பள்ளி, ஜால்னா, நெல்லூர், தலைச்சேரி என ஊர் ஊராக மாற்றப்பட்டார். அரசு ஊழியர் பலருக்குத் தொல்லையாகத் தோன்றும் இடமாற்றம் இவருக்கு மட்டும் வரமாயிற்று. ஒவ்வோர் ஊரும் புதிய பறவைகளைக் காட்டியது.

தாம் சேகரித்த பறவைத் தோல்களை அடையாளம் காணும்பொருட்டு ஸ்காட்லாந்திலிருந்த அறிஞர் ஜார்டினுக்கு அனுப்பினார். அவை போய்ச் சேர்வதற்குள் அந்துப்பூச்சிகள் அவற்றைத் தின்று பாழாக்கிவிட்டன. ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணான அந்நிலையில் மனம் தளர்ந்திருப்பின் எவரும் குறைகூறியிரார். அவரோ, அதன்பின் தம் கண்ணையும் கணிப்பையுமே நம்பி எழுதத் துணிந்தார். தென்னிந்தியப் பறவைகளின் பட்டியல் 1839 முதல் சென்னையின் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. இந்திய ஓவியர்கள் தீட்டிய 50 படங்களைக் கொண்ட நூல் 1843க்கும் 1847க்கும் இடையே சென்னையிலேயே வெளியாயிற்று. நெல்லூரில் இருந்தபோது, காட்டைக் கைரேகைபோல் அறிந்த யானாதி மக்களிடம் கேட்டுக் கற்றார். பறவைகளுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் வழங்கிய பெயர்களையும் தம் நூல்களில் குறித்துவைத்தார். இது நாம் நன்றியோடு நினைக்கத்தக்கது.

அவருடைய பெருநூலான இந்தியப் பறவைகள் 1862 முதல் 1864 வரை கல்கத்தாவில் வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவையினங்கள் அதனுள் இடம்பெற்றன. நூலகமோ அருங்காட்சியகமோ இல்லாத சிற்றூரில் வாழ்பவனும் கையிலுள்ள பறவையின் பெயரை அறிய வேண்டும் என்பதே நோக்கம். அத்தகையோனுக்கு அலகைவிட எளிய அடையாளம் வேறென்ன உண்டு? பிரெஞ்சு அறிஞர் கூவியே 1817இலேயே அலகின் வடிவால் பறவைகளைப் பகுத்திருந்தார். அவ்வழி வந்த முறையையே ஜெர்டனும் மேற்கொண்டார். மரத்தில் அமரும் பறவைகளுள் அகலப் பிளந்த வாயுடையன ஒரு பிரிவு. மெல்லிய நீண்ட அலகுடையன ஒரு பிரிவு. அலகு நுனியருகே பல்போன்ற வெட்டுடையன ஒரு பிரிவு. கூம்பலகுடையன ஒரு பிரிவு. கிளி, மரங்கொத்தி முதலியவற்றை மட்டும் பற்றியேறும் காலால் தனியே பிரித்தார்.

இம்முறையில் தகைவிலானும் உழவாரனும் ஒரே குடும்பத்தில் அமர்ந்தன. பக்கியும் மீன்கொத்தியும்கூட அவற்றின் அருகில் வந்தன. தேன்சிட்டும் கொண்டலாத்தியும் ஒரே பிரிவினவாயின. இன்றைய ஆய்வு இதனை ஏற்பதில்லை. உழவாரனுக்கு நெருங்கிய உறவு அமெரிக்காவின் ரீங்காரச்சிட்டு. தகைவிலானோ பாடும் பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும் ஒரே தொழில், வேறுவேறு குலத்தில் வந்த இரண்டிற்கும் ஒத்த வாயை அமைத்துவிட்டது. காலை நோக்கினால் வேற்றுமை விளங்கும்: தகைவிலான் கம்பியில் அமரும், உழவாரனால் அங்ஙனம் அமர இயலாது, செங்குத்தான பரப்பில் தொற்றிக்கொள்ளவே அதன் கால் உதவும். இவ்வேற்றுமையை ஜெர்டனும் அறிந்தவரே. ஆதலின் குடும்பத்துக்குள் அவற்றை இரு கிளைகளாக வைத்தார். ஆயினும் குடும்பத்தைப் பிரிக்கும் அளவுக்கு அவர் செல்லவில்லை.

அலகு தொழிலுக்கேற்ப மாறக்கூடியது என்னும் செய்தி அக்காலத்திற்குப் புதிதன்று. காலபாகஸ் தீவுகளில் டார்வின் சேகரித்த குருவிகள், அலகால் பெரிதும் வேறுபட்டும் ஓரினக் கூட்டமே என்று 1837இல் கூல்ட் என்னும் அறிஞர் கண்டறிந்தார். டார்வினின் கொள்கை 1859இல் நூலாக வெளிவந்தது. ஜெர்டன் தம் நூலின் முன்னுரையில் அதனை ஒதுக்காமல் விவாதித்தார். எனினும் புறச்சூழலுக்கு டார்வின் மிகுதியான இடமளித்துவிட்டதாகக் கருதினார். பழைய பகுப்பு முறையையும் அவர் கைவிடவில்லை.

பகுப்பு பழையதாயிற்று, நூல் பழையதாகவில்லை. கூடு, குரல், உணவு, வாழிடம் எனத் தாமே கண்டெழுதிய செய்திகளுக்காக, பின்வந்த பறவையியலார் அதனை நெடுங்காலம் நாடினர். பாலூட்டிகள் பற்றிய நூல் 1867இல் வெளிவந்தது. தாயகம் திரும்பிய ஜெர்டன், 1872 ஜூன் 12இல் லண்டனின் அப்பர் நார்வுட்டில் காலமானார்.

அவர் கண்டறிந்து, 1848இல் பிளித் என்பவரால் விவரிக்கப்பட்ட ஓடுபறவை ஒன்று ஜெர்டனின் பெயரைத் தாங்குகிறது. தெலுங்கில் கலிவிக்கோடி எனப்படும் அது 1900க்குப் பின் எவர் கண்ணிலும் படாமையால் அற்றுப்போனதென்றே கருதப்பட்டது. 1986இல், பறவையியலறிஞர் சாலிம் அலி உயிரோடிருந்த நாளிலேயே, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் உள்ளூர்வாசி ஒருவரின் துணையோடு கடப்பைப் பகுதியின் முட்புதர்க் காட்டில் அதனை மீண்டும் கண்டெடுத்தனர்.