கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்வில் இலக்கணமும் இசையும்

முன்னுரை

19-ஆம் நூற்றாண்டுத் தமிழிசைப் புலவருள் தலையாய ஒருவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுத்துப் பனுவலாக மட்டும் பயிலப்படும்போது அதன் இசை புறத்தே நின்றுவிடுகிறது. இச்சிக்கலின் வேர் அவருடைய வாழ்விலேயே காணப்படுகிறது.

வாழ்வும் படைப்பும்

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்த பாரதியார், முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தார். மாயூரத்தில் வேதாந்தம் பயின்றார். திருவிடைமருதூரில் இராமதாசரிடம் இந்துஸ்தானி இசை கற்றார். இல்லறம் ஏற்காது, கதாகாலட்சேபக் கீர்த்தனைகள் இயற்றுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்.

திருநாளைப்போவார் வரலாற்றைச் சேக்கிழார் 37 பாடல்களில் பாடினார். அதில் இடம்பெறாத வேதியர் என்னும் நிலக்கிழாரைப் பாரதியார் புதிதாகப் படைத்தார். நந்தனாரின் தில்லை வேட்கை பண்ணையடிமை முறையோடு நேர்நின்று மோதுவது இப்பாத்திரத்தால்தான்.

புலமை உலகின் தயக்கம்

இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பலமுறை நாடினார். இலக்கண வழுக்களையும் மூலத்தினின்று விலகியதையும் கருதிப் பிள்ளை தயங்கினார். ஒருநாள் திண்ணையில் அமர்ந்து பாரதியார் பாடிய கீர்த்தனைகளைக் கேட்டு உருகிய பின்னரே பாயிரம் அளித்தார் என்பதை உ.வே.சாமிநாதையரின் எழுத்துகளால் அறியலாம். எனினும், தம் மாணவரான சாமிநாதையர் பின்னாளில் பாரதியாரிடம் இசை பயின்றதை அவர் விரும்பவில்லை. அப்பயிற்சி இடையில் நின்றது.

முடிவுரை

படித்தபோது வழுவெனப்பட்டது, கேட்டபோது தடையாகவில்லை. இயலையும் இசையையும் பிரித்து நோக்கிய புலமை மரபின் எல்லையை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. ஆகவே கீர்த்தனை இலக்கியம் குறித்த உயர்கல்வி ஆய்வு, பனுவலோடு பாடுமுறையையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.