சிறைக்கூடத்திலிருந்து எழுந்த பாட்டு

பாட்டு ஊர் ஊராகச் செல்லும். பாடியவன் பெயரோ பல வேளைகளில் பாதி வழியிலேயே நின்றுவிடும். நம் காலனி இளைஞர்கள் கிதாரும் கையுமாக அமர்ந்து பாடி மகிழும் மேனாட்டு ராக் பாடல்கள் சிலவற்றின் வேரைத் தேடிச் செல்வோமாயின், அது லண்டன் மாநகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களோடு நின்றுவிடாது. அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள பருத்திக் காடுகளுக்கும் சிறைக்கூடங்களுக்கும் நம்மை அழைத்துச் செல்லும். அப்பாடல்களை நெஞ்சிலே சுமந்து வெளியுலகிற்குக் கொண்டுவந்தவர்களுள் தலையாயவர், ஹட்டி லெட்பெட்டர் என்னும் கறுப்பினப் பாடகர். லெட் பெல்லி என்ற பட்டப்பெயராலேயே உலகம் அவரை அறியும்.

லூசியானா மாநிலத்தில் மூரிங்ஸ்போர்ட் என்னும் சிற்றூரை அடுத்து, 1888-ஆம் ஆண்டை ஒட்டி அவர் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்து, கால் நூற்றாண்டும் நிரம்பாத காலம் அது. உழவுத் தொழில் செய்து வாழ்ந்த குடும்பம். சிறிய தந்தை அளித்த அக்கார்டியன் வாத்தியமே சிறுவனின் முதற் செல்வம். பின்னர்ப் பன்னிரண்டு தந்திகள் கொண்ட பெரிய கிதார் அவர் கைக்கு வந்தது. பருத்தி பறிப்போர் பாட்டு, மரம் வெட்டுவோர் பாட்டு, ஆலயப் பாட்டு, குழந்தை விளையாட்டுப் பாட்டு என ஒருமுறை காதில் விழுந்ததை அவர் மறந்தாரில்லை. டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில், கண்பார்வையற்ற பாடகர் லெமன் ஜெபர்சனுடன் சேர்ந்து தெருக்களிலே பாடிப் பிழைத்தார்.

கலையில் இனியவராக இருந்தவர், குணத்தில் கனலாக இருந்தார். அதனை மறைத்து அவர் வரலாற்றைக் கூறுதல் முறையன்று. 1915-இல் தண்டனை பெற்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டுச் சாலை வேலை செய்யும் கைதிகளோடு சேர்க்கப்பட்டார். அங்கிருந்து தப்பி, வேறு பெயரில் வாழ்ந்தார். 1918-இல் உறவினர் ஒருவரைக் கொன்ற குற்றத்திற்காக மீண்டும் சிறை புகுந்தார். டெக்சாஸில் சுகர்லாண்ட் என்னும் ஊரை அடுத்த கரும்புத் தோட்டச் சிறையில் ஆண்டுகள் பல கழிந்தன. நள்ளிரவில் அவ்வழியே செல்லும் இரயிலின் ஒளி தம்மீது விழுந்தால் விடுதலை கிட்டும் என்னும் நம்பிக்கையைக் கைதிகள் பாட்டாகப் பாடினர். அதுவே 'மிட்நைட் ஸ்பெஷல்'. இப்பாட்டை அவர் இயற்றினார் என்பதைவிட, அழியாமல் காத்தார் என்பதே பொருந்தும்.

மாநில கவர்னராக இருந்த பாட் நெஃப், கைதிகளுக்கு மன்னிப்பு வழங்குவதில்லை என்று மக்களுக்கு உறுதி கூறிப் பதவி ஏற்றவர். அவர் சிறையைப் பார்வையிட வந்தபோது, லெட் பெல்லி தம் விடுதலை வேண்டுகோளையே பாட்டாக்கிப் பாடினார். 1925-இல் பதவியை விட்டு நீங்கும் தறுவாயில், கவர்னர் அவரை மன்னித்து விடுவித்தார்.

ஆயினும் ஊழ் அவரை விடவில்லை. 1930-இல் கத்தியால் ஒருவரைத் தாக்கிய குற்றத்திற்காக லூசியானாவின் அங்கோலா சிறையில் அடைக்கப்பட்டார். 1933-இல் ஜான் லோமாக்ஸ் என்னும் நாட்டுப் பாடல் ஆய்வாளர், தம் மைந்தர் ஆலனுடன், கனத்த ஒலிப்பதிவுக் கருவியை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கு வந்தார். வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்திற்காகப் பாடல் திரட்டுவது அவர் பணி. மறு ஆண்டும் வந்து, லெட் பெல்லி கவர்னருக்குப் பாடிய விண்ணப்பப் பாட்டைப் பதிவு செய்தார். 1934 ஆகஸ்டில் விடுதலை கிட்டியது. பாட்டே சிறைக்கதவைத் திறந்தது என்று பத்திரிகைகள் முழங்கின. நன்னடத்தைச் சட்டப்படி விடுவித்தோம் என்றே அதிகாரிகள் கூறினர்.

நியூயார்க் நகரம் அவரை வியந்து நோக்கியது. எனினும் அவ்வியப்பில் ஓர் இழிவும் கலந்திருந்தது. தூய கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து மேடையேறவே அவர் விரும்பினார். கூட்டத்தாரோ கைதியின் கோலத்தைக் காண விரும்பினர். 1935-இல் வருவாய்ப் பங்கீட்டில் பிணக்குற்று லோமாக்ஸைப் பிரிந்தார். தலைநகர் வாஷிங்டனுக்குத் துணைவியார் மார்த்தாவுடனும் வெள்ளை நண்பர்களுடனும் சென்றபோது, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகத் தங்கவோ உண்ணவோ இடம் கிடைக்கவில்லை. அந்த அவமதிப்பையும் அவர் பாட்டாக்கினார். அதுவே 'பூர்ஷ்வா புளூஸ்'.

1948-இல் நண்பர் ஒருவர் இல்லத்தில், அக்காலத்தில் புதிதாக வந்த ஒலிநாடாக் கருவியின் முன் அமர்ந்து, 90-க்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடி வைத்தார். தசைகளை நலிவிக்கும் கொடுநோய் அவரைப் பற்றியது. கிதார் மீட்டிய கைகள் ஓய்ந்தன. 1949 டிசம்பர் 6-ஆம் நாள் நியூயார்க்கில் வறியவராகவே உயிர் நீத்தார். மறு ஆண்டு, அவர் பாடிப் பரப்பிய 'குட்நைட் ஐரீன்' பாட்டை வீவர்ஸ் குழுவினர் பாட, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 13 வாரங்கள் அது முதலிடத்தில் நின்றது. செல்வம் வீட்டு வாயிலுக்கு வந்தபோது, வரவேற்க அவர் இல்லை!

அவர் மறைந்த பின்னரே அவரது பாடல்கள் ராக் இசையாக உருமாறின. ஆர்கன்சாஸ் சிறைக்கைதிகளிடம் கேட்டு அவர் பரப்பிய 'ராக் ஐலண்ட் லைன்' பாட்டை 1956-இல் பிரிட்டனில் புகழ்பெறச் செய்தார் லானி டானகன். அதைக் கேட்டுக் கிதார் ஏந்திய எண்ணற்ற இளைஞர்களுள், பின்னாளில் பீட்டில்ஸ் குழுவை அமைத்தோரும் இருந்தனர். 'மிட்நைட் ஸ்பெஷல்', 'காட்டன் ஃபீல்ட்ஸ்' இரண்டையும் 1969-இல் கிரீடன்ஸ் குழுவினர் பாடினர். தூக்குமரப் பாட்டை 1970-இல் லெட் செப்பலின் குழுவினரும், 'பிளாக் பெட்டி'யை 1977-இல் ராம் ஜாம் குழுவினரும் ஏற்றனர். 1988-இல் ராக் இசைப் புகழ் மன்றம், தன் முன்னோடிகளுள் ஒருவராக அவர் பெயரைப் பொறித்தது.

இப்பாடல்களில் பலவும் அவருக்கு முன்னரே பெயரறியா ஏழைகள் வாயில் வழங்கியவை. அவர்களிடம் பெற்றதை அவர் செப்பம் செய்து காத்தார்; அவரிடம் பெற்றதைப் பிறர் பொன்னாக மாற்றிக்கொண்டனர். அவர் செய்த குற்றங்களைப் பாட்டின் இனிமை கழுவிவிடாது. அவர் செய்த தொண்டை அக்குற்றங்களும் அழித்துவிடா. இனி இப்பாடல்கள் நம் செவியில் விழும்போது, பாடுவோர் யார் என்பதோடு நில்லாமல், அவர்களுக்கு முன் இதைச் சுமந்து வந்தவர் யார் என்றும் வினவுவோமாக. பெயரற்றுப் போன பாடகர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அது ஒன்றே.