டிராக்டர் தந்த மனிதர், வழுக்காத காருக்கும் கனவு கண்டார்! - ஹாரி ஃபெர்குசனின் கதை

நம்ம ஊர் வயல்வெளிப் பக்கம் போனால் சிவப்பு நிற டிராக்டர் ஒன்று கண்டிப்பாகக் கண்ணில் படும். அதன் முகப்பில் 'மாஸி ஃபெர்குசன்' என்று எழுதியிருக்கும். 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் தயாரிக்கும் டிராக்டர் அது. அந்தப் பெயரில் இருக்கும் ஃபெர்குசன் யாருன்னு யோசிச்சிருக்கீங்களா?

அவர் அயர்லாந்து விவசாயி ஒருவரின் மகன். டிராக்டரை மாற்றினார், விமானம் ஓட்டினார், ஹென்றி ஃபோர்டுடன் கைகுலுக்கினார், பிறகு ஃபோர்டு நிறுவனத்தின் மீதே வழக்கும் போட்டார். இதெல்லாம் ஓரளவுக்குத் தெரிந்த கதை.

பலருக்குத் தெரியாத இன்னொரு பக்கம் இருக்கிறது. பனியிலும் மழையிலும் கார் வழுக்கி மனிதர்கள் சாகக் கூடாது என்று, வாழ்க்கையின் கடைசிப் பத்து ஆண்டுகளையும் கையிலிருந்த பணத்தையும் கொட்டியவர் அவர். அந்தக் கார் ஷோரூமுக்கு வருவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

வயலைப் பிடிக்காத விவசாயி மகன்

1884 நவம்பர் 4. இன்றைய வடக்கு அயர்லாந்தின் டவுன் கவுன்ட்டியில், குரோவெல் என்ற சிற்றூரில் பிறந்தார் ஹாரி ஃபெர்குசன். வீட்டில் 11 பிள்ளைகள், இவர் நான்காவது. அப்பா கடுமையான மத நம்பிக்கை கொண்டவர். ஹாரிக்கு வயல் வேலையும் பிடிக்கவில்லை, அப்பாவின் கண்டிப்பும் பிடிக்கவில்லை.

1902-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் அண்ணன் ஜோ நடத்திய சைக்கிள், கார் ரிப்பேர் கடையில் போய்ச் சேர்ந்துகொண்டார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் அளவுக்குத் தொழில் படிந்தது. கடைக்கு விளம்பரம் வேண்டுமே என்று மோட்டார் சைக்கிள் ரேஸிலும் இறங்கினார்.

அடுத்து வானம். 1909-ல் ஃபிரான்ஸிலும் இங்கிலாந்திலும் நடந்த விமானக் கண்காட்சிகளைப் பார்த்துவிட்டு வந்தவர், சொந்தமாகவே ஒரு விமானத்தைச் செய்தார். அந்த ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31. காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்த ஹில்ஸ்பரோ பூங்காவில் அதைக் கிளப்பினார். பறந்த தூரம் சுமார் 120 மீட்டர்தான். ஆனால், அயர்லாந்து மண்ணிலிருந்து விமானத்தில் பறந்த முதல் மனிதர் அவர்தான். அடுத்த ஆண்டு நியூகேஸில் கடற்கரையில் ஏறக்குறைய 3 மைல் பறந்து 100 பவுண்டு பரிசும் வாங்கினார்.

ஆளைக் கொன்ற டிராக்டர்

1917. முதல் உலகப்போர் நேரம். உணவு உற்பத்தியைக் கூட்ட வேண்டிய கட்டாயம். அயர்லாந்தில் டிராக்டர்களைச் சரியாகப் பயன்படுத்த வழி சொல்லுங்கள் என்று அரசின் விவசாயத் துறை ஃபெர்குசனைக் கேட்டது. தன் மெக்கானிக் வில்லி சாண்ட்ஸுடன் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். அங்கே அவர் கண்ட பிரச்னை சாதாரணமானதல்ல.

அன்றைய டிராக்டர்கள் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகும். கலப்பை மண்ணுக்குள் ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? கலப்பை நகராது, இன்ஜின் நிற்காது. டிராக்டரின் முன்பகுதி குதிரை போல எழும்பி, அப்படியே பின்பக்கமாகக் கவிழும். ஓட்டுநர் அடியில் நசுங்கிச் சாவார்.

ஃபெர்குசனின் தீர்வு ரொம்ப எளிமையாகத் தெரியும். கண்டுபிடிக்கத்தான் பல ஆண்டுகள் ஆயின. கலப்பையைக் கட்டி இழுக்காமல், மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைத்தார். கூடவே ஒரு ஹைட்ராலிக் அமைப்பு. மண்ணின் இழுவை கூடும்போது அது தானாகவே உணர்ந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். கலப்பையின் எடை பின்சக்கரங்கள் மீது இறங்குவதால், இலகுவான டிராக்டருக்கும் நல்ல பிடி கிடைக்கும். பாறையில் மாட்டினாலோ, மேல் இணைப்பு டிராக்டரின் முன்பகுதியைக் கீழே அழுத்தும். பின்சக்கரம் சும்மா சுழலும். வண்டி கவிழாது.

இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வரும்போது மனிதன் யோசிப்பதற்கு முன்பே மெஷின் உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. இன்றைய கார்களில் இருக்கும் பாதுகாப்பு வசதிகளின் அடிப்படை யோசனையும் இதேதான்.

ஒரு கைகுலுக்கல், ஒரு வழக்கு, ஒரு நாணயம்

1938 அக்டோபரில் தன் டிராக்டரைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். ஹென்றி ஃபோர்டின் தோட்டத்திலேயே உழுது காட்டினார். ஃபோர்டு அசந்துபோனார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை, வெறும் கைகுலுக்கல்தான். 1939-ல் ஃபோர்டு - ஃபெர்குசன் டிராக்டர் சந்தைக்கு வந்தது. 3 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது.

ஃபோர்டுக்குப் பின் பொறுப்பு பேரன் கைக்குப் போக, கைகுலுக்கல் காற்றில் போனது. ஃபெர்குசனின் தொழில்நுட்பத்தோடு தனியாக டிராக்டர் விற்க ஆரம்பித்தது ஃபோர்டு நிறுவனம். பெரும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார் ஃபெர்குசன். நான்கு ஆண்டுகள் இழுத்த வழக்கு, 1952-ல் 92.5 லட்சம் டாலருக்கு சமரசமானது.

இதற்கிடையே இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946 முதல் தயாரான அவருடைய டி.இ.20 டிராக்டர் சக்கைப்போடு போட்டது. 10 ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேல்!

1953-ல் கனடாவின் மாஸி ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தார். விலை பேசும்போது 10 லட்சம் டாலர் வித்தியாசம் வந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துவிடலாம் என்றார் ஃபெர்குசன். சுண்டினார்கள், தோற்றார். சின்னதாகச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிற ஆள் அவர். அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்திலிருந்து விலகினார்.

அவருடைய டிராக்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 1958 ஜனவரி 4-ல், எவரெஸ்ட் புகழ் எட்மண்ட் ஹிலரி தென்துருவத்தை அடைந்தது எதில் தெரியுமா? சக்கரங்களைச் சுற்றி டிராக் பெல்ட் மாட்டிய ஃபெர்குசன் டிராக்டர்களில்! மோட்டார் வாகனங்கள் தரைவழியாகத் தென்துருவத்தைத் தொட்டது அதுதான் முதல்முறை.

கடைசிக் கனவு

டிராக்டர் சண்டைகள் நடந்துகொண்டிருந்தபோதே, 1950-ல் 'ஹாரி ஃபெர்குசன் ரிசர்ச்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். கூட இருந்தவர்கள் ரேஸ் வீரர்களான டோனி ரோல்ட், ஃபிரெடி டிக்சன். பிறகு வடிவமைப்பாளர் கிளாட் ஹில் வந்து சேர்ந்தார். நோக்கம் ஒன்றே ஒன்று. ஈரத்திலும் பனியிலும் பிடி விடாத குடும்பக் கார்.

அன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் இன்ஜின் சக்தி இரண்டு சக்கரங்களுக்கு மட்டும்தான் போகும். பனியில் அந்த இரண்டும் சுழன்றால் கார் திரும்பிக்கொள்ளும். சக்தியை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு டயரும் சுமக்கும் வேலை குறையும். முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் அளவுக்கு மீறி வெவ்வேறு வேகத்தில் சுழலாதபடி, நடுவில் ஓர் அமைப்பை வைத்தது ஃபெர்குசன் குழு.

அடுத்தது பிரேக். வழுக்கும் சாலையில் பதறிப்போய் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் திரும்பாது; நேராகச் சறுக்கிக்கொண்டே போகும். விமானங்களுக்காக டன்லப் நிறுவனம் உருவாக்கிய 'மேக்ஸரெட்' என்ற கருவி இதற்கு விடையாக இருந்தது. உள்ளே சின்ன ஃப்ளைவீல் ஒன்று சுழலும். சக்கரம் திடீரென்று நின்றாலும் ஃப்ளைவீல் சுழல்வதை நிறுத்தாது. அந்த வேக வித்தியாசமே ஒரு வால்வைத் திறந்து பிரேக் அழுத்தத்தை விடுவிக்கும். சக்கரம் மறுபடி சுழலும். பிரேக் மறுபடி பிடிக்கும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. முழுக்க முழுக்க மெக்கானிக்கல் ஏ.பி.எஸ்!

சோதனைக் கார்கள் ஓடின. ஆனால், இந்தக் காரைத் தயாரிக்கிறோம் என்று எந்தப் பெரிய நிறுவனமும் முன்வரவில்லை. விலை கூடும், எடை கூடும், யார் வாங்குவார்கள் என்பதே அவர்களின் கணக்கு. ஃபெர்குசனை மனச்சோர்வும் தூக்கமின்மையும் வாட்டின. 1960 அக்டோபர் 25 அன்று இங்கிலாந்தின் ஸ்டோ-ஆன்-த-வோல்ட் ஊரில் இருந்த தன் வீட்டில் இறந்துகிடந்தார். 76-வது பிறந்தநாளுக்கு 10 நாள்கள் இருந்தன.

அவர் பார்க்காத வெற்றி

ஓராண்டுகூட முழுதாகவில்லை. 1961 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஓல்ட்டன் பார்க் பந்தயத்தில், ஈரமான பாதையில், ஃபெர்குசன் பி99 என்ற நான்கு சக்கர இயக்க ரேஸ் காரை ஓட்டி வென்றார் ஸ்டிர்லிங் மாஸ். உலக சாம்பியன்ஷிப் கணக்கில் வராத பந்தயம்தான். ஆனால், ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றை வென்ற ஒரே நான்கு சக்கர இயக்கக் கார் அதுதான்.

1966-ல் வந்தது ஜென்சன் எஃப்.எஃப். அந்த இரண்டு 'எஃப்'களின் விரிவாக்கம் 'ஃபெர்குசன் ஃபார்முலா'. நான்கு சக்கர இயக்கமும் பூட்டாத பிரேக்கும் ஒன்றாக இருந்த, சாதாரண சாலைக்கான முதல் விற்பனைக் கார். இன்ஜின் சக்தியில் 37 சதவிகிதம் முன்னால், 63 சதவிகிதம் பின்னால். செம கார்! ஆனால் விலை ரொம்ப அதிகம். வலதுபக்க ஸ்டீயரிங்கில் மட்டுமே கிடைத்ததால் அமெரிக்காவிலும் விற்க முடியவில்லை. 1971-ல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 320 கார்கள்தான் தயாராகியிருந்தன.

காலம் மெதுவாகத்தான் அவர் பக்கம் வந்தது. 1978-ல் பாஷ் நிறுவனத்தின் எலெக்ட்ரானிக் ஏ.பி.எஸ் மெர்சிடிஸ் காரில் வந்தது. 1995-ல் கார் தடம் மாறிச் சுழலாமல் காக்கும் இ.எஸ்.பி, அதுவும் மெர்சிடிஸில். 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய யூனியனில் விற்கப்படும் எல்லா புது கார்களிலும் இது கட்டாயம்.

பட்டன் இருக்கு... பயன்படுத்தத் தெரியுமா?

ஃபெர்குசன் கேட்டு அலைந்தது இன்று சாதாரணக் காரிலும் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் கார்கள் சறுக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. காரணம், வசதியை நம்பும் அளவுக்கு அதைப் புரிந்துகொள்வதில்லை. அங்கே படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

*ஏ.பி.எஸ்:* ஆபத்தில் பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள், காலை எடுக்காதீர்கள். பெடல் காலுக்கடியில் படபடவென்று துடிக்கும். பயந்து காலை எடுப்பதுதான் பலர் செய்யும் தப்பு. விட்டு விட்டு மிதிக்கவும் வேண்டாம். அந்த வேலையைத்தான் கருவி செய்கிறது. போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள்.

ஏ.பி.எஸ் இருந்தால் கார் சட்டென்று நிற்கும் என்று நினைக்காதீர்கள். புதுப்பனி தளர்வாகக் கிடக்கும் சாலையில் நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். அது தருவது ஸ்டீயரிங் மீதான கட்டுப்பாடு.

*நான்கு சக்கர இயக்கம்:* கிளம்பவும் மேடு ஏறவும் உதவும். நிற்க உதவாது. எல்லா கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. சுலபமாகக் கிளம்பிவிட்டோமே என்ற தைரியத்தில் வேகமெடுப்பதுதான் ஆபத்து.

*இ.எஸ்.பி:* ஸ்டீயரிங் ஒரு பக்கமும் கார் வேறு பக்கமும் போனால், தேவையான சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, இன்ஜின் சக்தியையும் குறைத்து காரை நேராக்கும். சறுக்கும் கார் படம் போட்ட விளக்கு டாஷ்போர்டில் மின்னினால், சாலை வழுக்குகிறது என்று அர்த்தம். உடனே ஆக்ஸிலரேட்டரைக் குறையுங்கள். ஆழமான பனியில் கார் சிக்கிக்கொண்டால் மட்டும் டிராக்‌ஷன் கன்ட்ரோலைக் கொஞ்ச நேரம் அணைக்கலாம். வெளியே வந்ததும் மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

*டயர்:* இத்தனை எலெக்ட்ரானிக்ஸும் சாலையைத் தொடுவது, உள்ளங்கை அகல நான்கு ரப்பர் துண்டுகள் வழியாகத்தான். குளிரில் இறுகாத விண்டர் டயரை நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள்.

*இடைவெளி:* உறைபனியில் கார் நிற்கும் தூரம், காய்ந்த சாலையைவிட 10 மடங்குவரை கூடலாம் என்கிறது பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல். பாலங்கள் மற்ற இடங்களுக்கு முன்பே உறைந்துவிடும். க்ரூஸ் கன்ட்ரோலை மறந்துவிடுங்கள்.

பனியே பார்க்காத நமக்கு எதுக்கு இதெல்லாம்னு தோணுதா? முதல் மழையில் எண்ணெயும் புழுதியும் கலந்து கிடக்கும் நம்ம ஊர் ரோட்டிலும் இதே ஏ.பி.எஸ்தான், இதே கால்தான்.

பாறையில் மாட்டிய கலப்பையால் ஒரு விவசாயி சாகக் கூடாது என்பதில் தொடங்கியவர் ஃபெர்குசன். அதற்கு மெஷின் தானாக உணர வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். இன்று மெஷின் உணர்ந்துவிட்டது. வேகத்தைக் குறைப்பதை மட்டும் அது இன்னமும் நம்மிடம்தான் விட்டுவைத்திருக்கிறது.