குந்தலகிரியில் நிறைவுற்ற நோன்பு: ஆச்சாரியர் சாந்திசாகரர் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திகம்பர முனிநெறி பெரிதும் நலிந்திருந்தது. தென்னாட்டில் ஒரு சில முனிவர்களே எஞ்சியிருந்தனர். வடநாட்டுச் சிராவகர் பலர் நிர்க்கிரந்தத் துறவியை நூல்வழி அறிந்தனரேயன்றி நேரிற் கண்டாரல்லர். அந்நிலையை மாற்றி, பண்டை ஆகமங்கள் வகுத்தவாறே முனியொழுக்கத்தை மீண்டும் நிலைபெறச் செய்தவர் சாரித்திர சக்கரவர்த்தி எனப் போற்றப்பெறும் ஆச்சாரியர் ஸ்ரீ சாந்திசாகரர் ஆவார்.

கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில், தூதகங்கையும் வேதகங்கையும் கூடுமிடத்தில் அமைந்தது போஜ் என்னும் சிற்றூர். அவ்வூர்ப் பாட்டீல் குடும்பத்தில் பீமகௌடர், சத்தியவதி அம்மையார் ஆகியோரின் மகனாக அவர் 1872ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சாத்கௌடர். அக்கால வழக்கப்படி ஒன்பது வயதில் திருமணம் நிகழ்ந்தது. மணமகள் சில திங்களிலேயே இறந்துவிட, மறுமணத்திற்கு அவர் இசையவே இல்லை.

துறவில் வேட்கை மிக்கிருந்தும் பெற்றோரின் விருப்பத்திற்கிணங்க அவர்கள் வாழ்ந்த நாள்வரை இல்லத்திலேயே தங்கி அவர்க்குத் தொண்டு செய்தார். வயலில் தானியம் கொத்தவரும் பறவைகளை ஓட்டாது, அவை பருக நீரும் வைத்தார் என்பர். ஊருக்கு வந்த ஆதிசாகர முனிவரைத் தம் தோளில் சுமந்து ஆற்றைக் கடப்பித்த செய்தியும் அவர் வரலாற்றில் போற்றப்படுகிறது. பெரியோரை வணங்குதல் என்பது அவர்தம் நோன்புக்கு ஊறு நேராமல் காத்தல் என்ற தெளிவு அவரிடம் இளமையிலேயே இருந்தது.

பெற்றோர் மறைந்தபின், நாற்பது வயதைக் கடந்த நிலையில், தேவேந்திரகீர்த்தி முனிவரிடம் சுல்லக தீக்கை பெற்றார். 1920இல் யர்னாளில் முனி தீக்கை ஏற்றார். 1924இல் சமடோளியில் சங்கத்தார் அவரை ஆச்சாரியராக ஏற்றுக்கொண்டனர். முன்னரே குறித்த இல்லத்தில் உணவு கொள்ளுதல், ஊருக்குள் செல்லும்போது ஆடை போர்த்துதல் போன்று இடைக்காலத்தில் புகுந்த தளர்வுகளை அவர் ஏற்கவில்லை. பிறரைக் கடிந்து பேசாமல், தாம் ஒழுகிக் காட்டியே அவற்றை நீக்கினார்.

1927இல் அவர்தம் சங்கம் சம்மேத சிகரம் நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டு, மறு ஆண்டு அத்திருமலையை அடைந்தது. பின்னர் வடநாட்டு நகரங்கள் பலவற்றில் அவர் தங்கி அறம் உரைத்தார். மகாதவள ஏட்டின் ஒரு பகுதி செல்லரித்துப்போன செய்தி கேட்டு வருந்தி, தவளம், ஜயதவளம், மகாதவளம் ஆகிய ஆகம நூல்களைச் செப்புத் தகடுகளில் பொறிக்கச் செய்தார். அத்தகடுகள் பல்டணில் காக்கப்படுகின்றன.

எண்பது வயதைத் தாண்டியபோது அவருக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியது. இல்லறத்தார்க்கு அது முதுமையின் இயல்பு. முனிவர்க்கோ அது நோன்பின் அடிப்படையையே தொடுவது. நிலத்தை நோக்கி நடந்தாலன்றி எறும்பும் புழுவும் மிதிபடாமல் காக்க இயலாது. கையிலிட்ட உணவை ஆராய்ந்தாலன்றி உயிர்க்கொலை நேராமல் உண்ணவும் இயலாது. உடலைக் காத்துக் கொல்லாமையை இழப்பதா, கொல்லாமையைக் காத்து உடலை விடுவதா என்ற வினா அவர்முன் நின்றது. அவர் தயங்கவில்லை.

நீக்க இயலாத மூப்பும் நோயும் அறத்திற்குத் தடையாகும்போது சல்லேகனை ஏற்கலாம் என்பதை இரத்தினகரண்டக சிராவகாசாரம் விளக்குகிறது. தமிழில் அருங்கலச்செப்பும் அந்நோன்பைக் கூறுகிறது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் அனசனம் நோற்று உயிர்நீத்ததைப் பழங்கல்வெட்டு உரைக்கிறது. அவ்வழியே நின்ற சாந்திசாகரர், குலபூஷணர், தேசபூஷணர் என்னும் முனிவரிருவர் வீடுபேறு எய்திய குந்தலகிரியைத் தம் இறுதி இடமாகத் தேர்ந்தார். 1955ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் நோன்பு தொடங்கியது.

செய்தி பரவியதும் மழைக்காலம் என்றும் பாராது ஆயிரக்கணக்கான சிராவக சிராவகியர் மலையை நாடி வந்தனர். இடையிடையே சில நாள் மட்டும் நீர் ஏற்றவர், இறுதி நாள்களில் அதனையும் விட்டார். நோன்பின் 26ஆம் நாளான செப்டம்பர் 8 அன்று மராத்தி மொழியில் அவர் வழங்கிய இறுதி அறவுரை ஒலிப்பதிவு செய்யப்பெற்றது. உடல் வேறு, ஆன்மா வேறு என்று உணருமாறும், நாள்தோறும் சிறிது நேரமேனும் தன்னைத் தானே சிந்திக்குமாறும், அஞ்சாமல் அடக்கத்தை மேற்கொள்ளுமாறும் அவர் அறிவுறுத்தினார். தம்மைக் காண வந்தோரின் அன்பைத் தம் உடலினின்று விலக்கி அறத்தின்பால் திருப்பிய உரை அது.

அவர்தம் முதன்மைச் சீடரான வீரசாகர முனிவர் அக்கூட்டத்தில் இல்லை. அவர் அப்போது ஜெய்ப்பூரில் சாதுர்மாசம் இருந்தார். மழைக்காலத்தில் முனிவர் இடம்பெயர்தல் கூடாது என்பது விதி. குருவின் இறுதித் தரிசனத்திற்காகவேனும் அவ்விதியை மீறுதல் அக்குருவின் நெறிக்கே மாறாகும். சாந்திசாகரர் ஆச்சாரியப் பொறுப்பை வீரசாகரருக்கு அளித்து ஜெய்ப்பூருக்கு மடல் விடுத்தார். இருந்த இடத்திலேயே அதனைச் சீடர் தலைமேற்கொண்டார். மலையடிவாரத்தில் கூடியோர் மலராலும் கண்ணீராலும் வணங்கினர். தொலைவில் இருந்தவரோ குருவின் சுமையை ஏற்று வணங்கினார்.

செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை காலையில், பாத்ரபத வளர்பிறைத் துவிதியையன்று, 36ஆம் நாள் நோன்புடன் ஆச்சாரியர் சமாதி எய்தினார். பத்மாசனத்தில் இருத்தப்பெற்ற திருமேனி மக்கள் வெள்ளத்தினிடையே எடுத்துச் செல்லப்பட்டு, சந்தனம், கருப்பூரம் முதலியவற்றோடு அம்மலையிலேயே எரியூட்டப்பெற்றது. அவர்தம் திருவடிகள் இன்றும் அங்கே வணங்கப்படுகின்றன.

அடுத்து வந்த பஞ்சமியில் தசலட்சணப் பர்வம் தொடங்கியது. குருவை இழந்த துயரம் ஆறுமுன்னரே உத்தம க்ஷமை முதலிய பத்து அறங்களையும் எண்ணி நோற்கும் நாள்கள் அவர்களுக்கு வாய்த்தன. அவ்வாண்டு ஜினாலயங்களில் ஏற்கப்பெற்ற ஒவ்வொரு நோன்பும் ஆச்சாரியருக்குச் செலுத்திய வணக்கமே. குந்தலகிரிக்குச் செல்ல வாய்க்காதவரும் அவ்வணக்கத்தைச் செலுத்த முடிந்தது. இல்லத்திலிருந்தே, ஓர் உயிருக்கும் ஊறு செய்யாமல் ஒரு நாளைக் கழிப்போர் எவரும் அதனை இன்றும் செலுத்தலாம்.