பூவைத்தான் வரைந்தார்... பார்த்தவர்கள் தேடியது பெண் உடலை! யார் இந்த ஜார்ஜியா ஓ'கீஃப்?

2014 நவம்பர். நியூயார்க்கில் நடந்த சோத்பிஸ் ஏலத்தில் வெள்ளை ஊமத்தம்பூ ஓவியம் ஒன்று 4.44 கோடி டாலருக்கு விலை போனது. ஒரு பெண் ஓவியரின் படைப்புக்கு அதுவரை ஏலத்தில் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. வரைந்தவர் ஜார்ஜியா ஓ'கீஃப். பூக்களால் அவருக்குப் பேர் வந்தது, பணம் வந்தது. கூடவே தீராத எரிச்சலும் வந்தது. ஏன்?

கேட்காமலே மாட்டிய படங்கள்

1887-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஓவிய ஆசிரியையாக இருந்தபோது கரித்துண்டில் வரைந்த சில படங்களைத் தோழிக்கு அனுப்பினார். தோழி அவற்றை ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திய பிரபல புகைப்படக் கலைஞர் அவர். 1916-ல் ஜார்ஜியாவிடம் ஒரு வார்த்தைகூட கேட்காமல் படங்களைச் சுவரில் மாட்டிவிட்டார். நேரில் போய்ச் சண்டை போட்டார் ஜார்ஜியா. படங்கள் இறங்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் காதலாகி, 1924-ல் கல்யாணம் வரை போனது.

அதற்கு முன்பே வினை தொடங்கிவிட்டது. 1921-ல் ஸ்டீக்லிட்ஸ் வைத்த கண்காட்சியில், ஜார்ஜியாவை ஆடையில்லாமல் எடுத்த புகைப்படங்களும் இருந்தன. ஊரே பேசியது. அதன்பின் அவர் எதை வரைந்தாலும் விமர்சகர்கள் அந்த உடலையே தேடினார்கள். ஸ்டீக்லிட்ஸும் அதை மறுக்கவில்லை, வளர்த்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கூசிப்போன ஜார்ஜியா அரூப ஓவியங்களைக் குறைத்துக்கொண்டார். பூ, பழம், இலை என்று பார்த்ததும் தெரிகிற பொருள்களுக்குத் திரும்பினார். 'ஸ்டில் லைஃப்' வகை ஓவியத்தில் யார் என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும்?

கண்டுபிடித்தார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் நியூயார்க்வாசிகள் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒரே பூவைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். அவர்களும் நின்றார்கள். ஆனால், இதழ் மடிப்பில் பெண்ணின் அந்தரங்க உறுப்பைப் பார்த்தார்கள். அது உங்கள் கண்ணில் இருப்பது, என் படத்தில் இல்லை என்று வாழ்நாள் முழுக்க மறுத்தார் ஜார்ஜியா. 1929 முதல் நியூ மெக்சிகோ பாலைவனத்துக்குப் போய் மாட்டு மண்டையோடுகளை வரைந்தார். அப்போதும் பூ விடவில்லை.

பெண்ணியவாதிகளிடமும் 'நோ'

1970-களில் காற்று திசை மாறியது. ஆண் விமர்சகர்கள் கிசுகிசுத்த அதே விஷயத்தை பெண்ணியக் கலைஞர்கள் பெருமையாகக் கொண்டாடினார்கள். ஜூடி சிகாகோ, 1979-ல் வைத்த 'தி டின்னர் பார்ட்டி' என்ற விருந்து மேசையில் ஜார்ஜியாவுக்கும் ஒரு தட்டு போட்டார். ஜார்ஜியா அந்தப் பக்கமும் சேரவில்லை. இழிவாகச் சொன்னாலும் உயர்வாகச் சொன்னாலும், அவர்கள் பூவைப் பார்க்கவில்லை என்பதுதான் அவர் கோபம்.

அப்படியென்றால் உடலை நினைத்து வெட்கப்பட்டவரா? 1978-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த அந்தப் பழைய புகைப்படங்களை மறுபடி காட்சிக்கு வைத்தது. ஆடையில்லாத படங்களும் அதில் உண்டு. அதையொட்டி வந்த புத்தகத்துக்கு முன்னுரை எழுதிக் கொடுத்தது, 90 வயது ஜார்ஜியாவேதான்.