ஏலகிரிக்குப் பக்கத்து மலையில் ராட்சதக் கண்ணாடி: யார் இந்த வைணு பாப்பு?

ஏலகிரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் படகுச் சவாரியோடு திரும்பிவிடுகிறார்கள். வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் பக்கம் வண்டியைத் திருப்பினால், டேனரி வாடை மறைந்து ஜவ்வாது மலைக் காடு தொடங்கும். அங்கேதான் காவலூர். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

யார் இவர்?

1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தவர் பாப்பு. அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. அதனால் சின்ன வயதிலேயே தொலைநோக்கி பழகிவிட்டது. ஹார்வர்டில் படிக்கப் போன அவர், 1949-ல் புகைப்படத் தகட்டில் ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டார். அது பாப்பு-போக்-நியூகிர்க் ஆனது. நட்சத்திரத்தின் உண்மையான ஒளியை அளக்க உதவும் வில்சன்-பாப்பு விளைவு 1957-ல் வெளியானது.

வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் திரும்பி வந்து நைனிடாலில் வானாய்வகம் அமைத்தார், 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் ஆனார்.

ஏன் காவலூர்?

கொடைக்கானல் சூரியனைப் பார்க்கத் தோதான இடம். இரவு வானத்துக்கு அவ்வளவு சரிப்படவில்லை. நகர வெளிச்சம் இல்லாத, தென்வானமும் நன்றாகத் தெரிகிற காவலூரைப் பாப்பு தேர்ந்தெடுத்தார். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி 1968-ல் அங்கே வேலையைத் தொடங்கியது. 1972-ல் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் கருவி வந்தது. யுரேனஸின் வளையங்களை 1977-ல் காட்டிக்கொடுத்த பதிவுகளில் காவலூருடையதும் ஒன்று.

அடுத்த பெரிய கருவியையும் இறக்குமதி செய்துவிடலாமே? பாப்பு ஒத்துக்கொள்ளவில்லை. இங்கேயே வடிவமைத்து, இங்கேயே செய்ய வேண்டும் என்றார். சூடு குளிருக்குக் கிட்டத்தட்ட விரியாத ஜெரோடூர் என்ற பொருளில் வார்த்த வட்டு மட்டும் ஜெர்மனியில் இருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் நடந்தது.

வடிவம் தப்பினால் என்ன?

இன்று ஒரு ஷூ சோலைக் கம்ப்யூட்டரில் கேட் படமாக வரைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் இம்மியளவு இடைவெளி விட்டுப்போனால் போச்சு. சோல் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்க்கிற சிமுலேஷன் பாதியில் நிற்கும், இல்லையென்றால் தப்பான பதில் தரும். அதனால் முதலில் வடிவத்தைச் சோதிப்பார்கள். ஓட்டை இருந்தால் ஒட்டுப் போடுவார்கள்.

கண்ணாடியிலும் அதே கதைதான். ஆனால் இங்கே ஒட்டுப் போடவே முடியாது. தொலைநோக்கிக் கண்ணாடி பரவளைவு வடிவில் குழிய வேண்டும். அந்த வளைவில் அனுமதிக்கக்கூடிய பிழை தோராயமாக ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு இடம் மேடாக இருந்தால் தேய்த்துக் குறைக்கலாம். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துப் பள்ளமாகிவிட்டால்? மீதிப் பரப்பு முழுவதையும் அந்தப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்க வேண்டியதுதான்.

அதனால் இந்த வேலையில் தேய்ப்பது கொஞ்சம், சோதிப்பது நிறைய. பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ 1858-ல் சொன்ன வழி இன்றைக்கும் அடிப்படை. கண்ணாடிக்கு எதிரே ஒரு வெளிச்சப் புள்ளியை வைத்து, திரும்பி வரும் ஒளியைக் கத்தி முனையால் மெல்ல மறைப்பார்கள். பரப்பில் உள்ள மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரிந்துவிடும். காவலூர் கண்ணாடியின் அளவுக்கு இந்தப் புள்ளியைச் சுமார் 15 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நடுவில் உள்ள காற்று அலைந்தாலே நிழலும் ஆடும். தேய்த்த சூடு தணியும் வரை சோதனையையும் நம்ப முடியாது. தேய், காத்திரு, பார், மறுபடி தேய். வருஷக்கணக்கில் இப்படித்தான் போனது. மக்கள் வரிப்பணத்தில் ஒரே ஒரு வட்டு, அதுவும் முன்அனுபவம் இல்லாத அளவு. அவசரப்பட்டிருந்தால் மொத்தமும் வீண்.

பாப்புவுக்கு என்ன ஆனது?

1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு இந்தியர் ஒருவர் வந்தது அதுவே முதல் முறை. தொலைநோக்கி முடியும் முன்பே, 1982 ஆகஸ்ட் 19 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். அப்போது வயது 55தான்.

அவருடைய குழு வேலையை விடவில்லை. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் வந்து, வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

கண்ணாடியின் மேலிருக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சு நாளாக ஆக மங்கும். அதைக் கழுவி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். அடியில் இருக்கும் வளைவு மட்டும் அன்றைக்குப் பெங்களூருவில் தேய்த்ததேதான்.