கடற்கொள்ளையரைக் கதையாக்கியவர்... அவர் புத்தகத்தையே சுட்ட 'பைரேட்'கள்! யார் இந்த டேனியல் டீஃபோ?

நடுக்கடலில் கப்பலை மடக்கினால் கடற்கொள்ளை. புதுப் படத்தைக் காப்பியடித்து விற்றால் திருட்டு விசிடி. தமிழில் இரண்டுக்கும் வேற வேற வார்த்தை. ஆங்கிலத்திலோ இரண்டுமே 'பைரசி'தான். கப்பலுக்கும் காப்பிக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு வகைக் கொள்ளையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் குறுக்கிட்டது. அவர்தான் 'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீஃபோ.

கடலில் போன காசு

1660 வாக்கில் லண்டனில், மெழுகுவத்தி வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார் டீஃபோ. எழுத்தாளர் ஆவதற்கு முன் அவரும் வியாபாரிதான். காலுறை, ஒயின், புகையிலை என்று எதையும் விடவில்லை. கப்பல்களுக்கு இன்சூரன்ஸும் கொடுத்தார். பிரான்ஸுடன் போர் மூண்டு கப்பல்கள் பறிபோனதும் கணக்கு தலைகீழானது. 1692-ல் சுமார் 17,000 பவுண்டு கடனோடு திவாலானார். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை.

தெருவில் விற்ற 80,000 காப்பி

அடுத்து பேனாவைப் பிடித்தார். மன்னர் மூன்றாம் வில்லியம் டச்சுக்காரர் என்பதால் அவரை வெளிநாட்டான் என்று கேலி செய்தவர்களுக்குப் பதிலடியாக, 1701-ல் 'தி ட்ரூ-பார்ன் இங்கிலீஷ்மேன்' என்ற கவிதையை வெளியிட்டார். செம ஹிட்! ஆனால் காசு யாருக்குப் போனது?

டீஃபோவின் பதிப்பு ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. திருட்டுப் பதிப்போ ஒரு பென்னி, இரண்டு பென்னிக்கே கிடைத்தது. தான் 9 பதிப்பு போட்டதாகவும், மற்றவர்கள் 12 முறை அச்சடித்ததாகவும், மலிவுப் பிரதிகள் மட்டுமே 80,000 விற்றதாகவும் பின்னாளில் அவரே கணக்கு சொன்னார். 1,000 பவுண்டுக்கு மேல் வந்திருக்க வேண்டிய லாபம் போச்சு என்பது அவர் புலம்பல். அதே சமயம், அவர் பெயர் லண்டன் தெருவெல்லாம் பரவியதில் அந்த மலிவுப் பிரதிகளுக்கும் பங்கு உண்டு.

அப்போ சட்டம் என்ன செய்தது?

ஒன்றுமே செய்யவில்லை. அச்சுத் தொழிலைக் கட்டுப்படுத்திய லைசென்ஸ் சட்டம் 1695-லேயே காலாவதியாகிவிட்டது. அதற்குப் பதிலாக வேறு சட்டம் வரவில்லை.

கடலில் கதை வேறு. அங்கே அரசரின் அனுமதிச் சீட்டு இருந்தால் எதிரிக் கப்பலைப் பிடிப்பது சட்டப்படி சரி. அந்த எல்லையைத் தாண்டினால் தூக்கு. அரசு அனுமதியோடு கிளம்பிய கேப்டன் கிட், 1698-ல் இந்தியக் கடல் பகுதியில் ஒரு வணிகக் கப்பலைப் பிடித்தார். டீஃபோவின் கவிதை வெளிவந்த அதே 1701-ல், அதே லண்டனில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஆக, 'பைரசி'யின் இரண்டு அர்த்தத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: அனுமதி இல்லாமல் எடுப்பது.

1703-ல் டீஃபோவுக்கு வேறொரு சிக்கல். ஒரு நையாண்டிக் கட்டுரைக்காகக் கைதாகி, மூன்று நாள் பொது இடத்தில் தண்டனைச் சட்டத்தில் கழுத்தும் கையும் மாட்டி நிறுத்தப்பட்டார். ஆனாலும் வாயை மூடவில்லை. அடுத்த ஆண்டே, எழுதியவருக்குத்தான் எழுத்து சொந்தம் என்று வாதாடினார். 1710-ல் பிரிட்டனின் முதல் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. புதுப் புத்தகத்துக்கு 14 ஆண்டு பாதுகாப்பு. அப்போது எழுத்தாளர் உயிரோடு இருந்தால் இன்னும் 14 ஆண்டு.

சட்டம் வந்தும் திருட்டு

1719 ஏப்ரலில், 60 வயதை நெருங்கும்போது 'ராபின்சன் குரூசோ' வெளியானது. தீவில் ஒதுங்குவதற்கு முன் குரூசோ கடற்கொள்ளையரிடம் சிக்கி அடிமையாக இருப்பார், ஞாபகம் இருக்கா? சில மாதங்களிலேயே புத்தகமும் சிக்கியது. யாரோ அதைச் சுருக்கி மலிவு விலையில் இறக்கிவிட்டார்கள். இரண்டாம் பாகத்தின் முன்னுரை இதை வெளுத்து வாங்கியது. வழிப்பறிக்கும் வீடு புகுந்து திருடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் அதன் கேள்வி.

1720-ல் 'கேப்டன் சிங்கிள்டன்' நாவலில் ஒரு கடற்கொள்ளையனையே ஹீரோ ஆக்கினார் டீஃபோ. 1724-ல் கடற்கொள்ளையரின் வரலாறு என்று வேறொரு பெயரில் வந்த பிரபலமான புத்தகத்தையும் 1932-ல் ஓர் ஆய்வாளர் இவர் கணக்கில் சேர்த்தார். 1988-ல் வேறு இருவர் அதை மறுத்தார்கள்.

கடைசியில் என்ன ஆனது?

குரூசோவின் உரிமை பதிப்பாளர் வில்லியம் டெய்லரிடம் இருந்தது. புதுச் சட்டம் காப்பாற்றியது அந்த உரிமையைத்தான். எழுதியவரோ 1731 ஏப்ரல் 24 அன்று, கடன்காரருக்குப் பயந்து ஒளிந்திருந்த நிலையில் லண்டனில் இறந்தார். இன்று 'ராபின்சன் குரூசோ'வை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், இலவசமாக டவுன்லோடு செய்யலாம். அது பைரசி ஆகாது. பதிப்புரிமைக் காலம் முடிந்து பல தலைமுறை ஆகிவிட்டது.